முகம் அறியும் கண்

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள் பலவற்றில் சீனக் கடைக்காரர் ‘இடுங்கிய கண்கள்’ என்ற ஒற்றைத் தொடரோடு வந்து போகிறார். தமிழ்ப் பாத்திரத்திற்கோ நெற்றித் தழும்புவரை வருணனை உண்டு. பிற இனத்தார் முகங்களைப் பிரித்தறிவது யாவர்க்கும் சற்றே கடினம் என்பது உளவியலார் கண்ட உண்மையே. ஆயினும் அது பிறவிக் குறையன்று. 3 முதல் 9 வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துச் சென்ற கொரியச் சிறார், வளர்ந்தபின் ஐரோப்பிய முகங்களையே எளிதில் அடையாளங் கண்டதாக 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று காட்டுகிறது. கண்ணைப் பயிற்றுவது பழக்கமே.

ஆதலின், ‘எல்லாரும் ஒரே சாயல்’ என்றெழுதும் ஆசிரியர் தம் பழக்கக் குறைவையே பறைசாற்றுகிறார். அண்டை வீட்டாரின் முகத்தையே அறியாத எழுத்து, அவர்தம் அகத்தை எங்ஙனம் காட்டும்?