கட்டுத்தரையில் ஒழுகிப்போகும் எரு

கறவை மாடு வைத்திருப்போர் பலரும் கம்பு நேப்பியர் புல்லுக்குத் தொழுவுரமே போதும் என்று நம்புகிறார்கள். மாடு புல்லைத் தின்கிறது, சாணம் புல்லுக்கே திரும்புகிறது, இதில் என்ன குறையும் என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் நிறையவே குறைகிறது.

பாசன வசதியுள்ள ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு 100 டன் பசும்புல் அறுப்பதாகக் கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள், அந்த உலர்பொருளில் சுமார் 9 விழுக்காடு புரதம். அப்படியானால் 280 கிலோவுக்கு மேல் தழைச்சத்து மண்ணை விட்டுப் போகிறது. கரணை நடுமுன் ஏக்கருக்கு 10 டன் மக்கிய எரு போடுகிறோம். அதில் தழைச்சத்து அரை விழுக்காடுதான், அதாவது 50 கிலோ. அதிலும் ஒரு பகுதியே முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைக்கும்.

மீதி எங்கே? ஒரு பங்கு பாலாகப் போய்விடுகிறது. மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதியும், சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்தில் இருக்கின்றன. மண் தரையில் அது அங்கேயே இறங்கிவிடும். சிமெண்டுத் தரையானால் கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். குப்பைமேட்டில் வெயில் காயும் சாணமும் தழைச்சத்தை அம்மோனியாவாக இழந்துகொண்டே இருக்கிறது. அரும்பாடுபட்டு வண்டியேற்றி நாம் வயலுக்குக் கொண்டுபோவது எஞ்சிய பாதியைத்தான். என் பார்வையில் இந்த வழக்கத்தின் பெரிய குறை இதுதான்.

அதற்காகச் சாணத்தைத் தாழ்வாக எடைபோட முடியாது. மணிச்சத்து பெரும்பாலும் அதில்தான் தங்குகிறது. ஒருமுறை நட்ட புல் உழவே இல்லாமல் சில ஆண்டுகள் நிற்கும். அறுப்புக்கு அறுப்பு ஆட்கள் மிதித்து இறுகும் அந்த மண்ணைப் பொலபொலப்பாக வைப்பதும் ஈரத்தைப் பிடித்துவைப்பதும் எருதான். யூரியா இதைச் செய்யாது.

மேய்ச்சல் நிலத்தின் கதை வேறு. கொங்கு நாட்டுக் கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல்லை மேயும் ஆடுமாடுகள் சாணம், புழுக்கை, மூத்திரம் அத்தனையையும் நிலத்திலேயே விடுகின்றன. சுமைகூலி இல்லை, சேதாரமும் குறைவு. ஆனால் சாணம் விழுந்த இடத்துப் புல்லை மாடு சில வாரங்களுக்குத் தொடாது. குடற்புழு முட்டைகளும் அதில் உண்டு. இவற்றைவிட எனக்குக் கவலை தருவது சீமைக்கருவேல் விதை. நெற்றைத் தின்ற மாட்டின் வயிற்றில் அது செரிப்பதில்லை, சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. நல்ல மேய்ச்சல் காடுகள் முள்காடாவதில் இதற்குப் பங்கு உண்டு. காய்ப்புக் காலத்தில் வேலியோர மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டு எருவின் பெருமை பேசிப் பயனில்லை.

மீண்டும் கட்டுத்தரைக்கு வருவோம். தொழுவத் தரைக்குச் சரிவும், ஓரத்தில் வாய்க்காலும், கடைசியில் ஒரு தொட்டியும் இருந்தால் மூத்திரத்தைப் பிடித்துவிடலாம். அறுப்பு முடிந்ததும் அதைப் பாசனத் தண்ணீரில் கலந்து விட்டால் மறுதாம்பு செழிப்பாக வரும். எல்லாப் பாத்திகளுக்கும் முறைவைத்துப் பாய்ச்ச வேண்டும். தொழுவத்தை ஒட்டிய பாத்திக்கே நாள்தோறும் திருப்பிவிட்டால் அந்தப் புல்லில் நைட்ரேட் ஏறும். வறட்சியில் வாடிய இளம்புல்லில் அது இன்னும் கூடுதலாகச் சேரும், தின்ற மாட்டின் உயிருக்கே ஆபத்தாகும்.