நாளை அழுவேன்: ஒரு திரைப்படமும் சாட்சி மேடையும்

டேனியல் மான் இயக்கி 1955இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஐல் கிரை டுமாரோ’ (நாளை அழுவேன்) என்னும் திரைப்படம், பாடகியும் நடிகையுமான லிலியன் ராத் முந்திய ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்றைத் தழுவியது. இளம் பருவத்திலேயே தாயால் மேடையேற்றப்பட்ட அவர், காதலன் இறந்த துயரில் உறக்கம் வேண்டி மதுவை நாடுகிறார். பின்னர் மது அவரை ஆட்கொள்கிறது. சூசன் ஹேவர்டின் நடிப்பு குடியை அழகுபடுத்தவுமில்லை, குடிப்பவரை இழிவுபடுத்தவுமில்லை.

படத்தின் உயர்ந்த பகுதி, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பினர் அவருடைய வேதனை நேரத்தில் அருகிருந்து தாங்குவதேயாகும். அவர்கள் உபதேசிப்பதில்லை, தாங்களும் அதே குழியிலிருந்து எழுந்தவர்களாக உடனிருக்கின்றனர்.

முடிவோ நம்மைத் தயங்கச் செய்கிறது. பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர் தம்மை வெளிப்படுத்தலாகாது என்பது அவ்வமைப்பு 1950இல் ஏற்ற நெறிகளுள் ஒன்று. படமோ, தம் கதையை நாடறியச் சொல்லத் தொலைக்காட்சி அரங்கினுள் லிலியன் நடந்து செல்வதையே வெற்றியாகக் காட்டி நிறைவுறுகிறது. அது துணிவான செயலே; பலருக்கு நம்பிக்கையும் அளித்திருக்கும். ஆயினும் மேடையால் காயமுற்றவருக்கு மேடையே மருந்தாகுமா? மீட்சியில் துணைநின்றவருடன் அமைந்த மணவாழ்வு 1963இல் முறிந்தது. திரை விழுந்த பின்னும் வாழ்வின் போராட்டம் தொடர்ந்தது.

குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவரை நற்செய்திக் கூட்டத்தில் சாட்சி கூற நிறுத்த நாம் விரைகிறோம். கூட்டம் கலைந்தபின் அவரோடு விழித்திருப்பவர் யார்? போதகர்கள் இக்கேள்வியோடு இப்படத்தைக் காண்பது நலம்.