ஜோஷ் கிப்சன்: ஒரே ஆட்டக்காரர், இரண்டு கணக்கு

பேஸ்பால் ஆட்டத்தை நான் முழுசாக உட்கார்ந்து பார்த்தது குறைவு. ஆனால் அதன் சாதனைப் பட்டியல்களை மேய்வது பழைய பழக்கம். அந்தப் பட்டியலில் 2024 மே மாதம் ஒரு பெரிய மாற்றம் வந்தது. கறுப்பினத்தவருக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக்குகளின் (1920–1948) கணக்குகளை மேஜர் லீக் பேஸ்பால் தன் அதிகாரபூர்வப் பதிவுகளில் சேர்த்தது. டை காப் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த வாழ்நாள் பேட்டிங் சராசரி முதலிடம் (.367) ஜோஷ் கிப்சனுக்குப் (.372) போனது. ஒரே சீசனுக்கான சாதனையும் அவருக்கே: 1943-இல் .466. (கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். .372 என்றால் ஆயிரம் முறை மட்டை பிடித்து 372 ஹிட்.)

"கிப்சன் காபை முந்தினார்" என்றே செய்திகள் வந்தன. எனக்கு அந்த வாக்கியம் உறுத்துகிறது. கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துவிட்டார். மூன்று மாதம் கழித்துத்தான் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் கால் வைத்தார். 2024-இல் கிப்சன் யாரையும் முந்தவில்லை. நாம் நம்ம குவெரியின் நிபந்தனையை மாற்றினோம், அவ்வளவுதான்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன? சீசனுக்கு அறுபது, எழுபது லீக் ஆட்டங்கள்தானே, சின்ன சாம்பிள் என்கிறார்கள். உண்மைதான். காப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட முறை மட்டை பிடித்தவர்; கிப்சனுக்குப் பதிவானது இரண்டாயிரத்துச் சொச்சம். ஆனால் கொரோனா காலத்து 2020 சீசனும் அணிக்கு 60 ஆட்டம்தான். அதை யாரும் பட்டியலிலிருந்து தூக்கவில்லையே? காபும் பேப் ரூத்தும் ஆடிய மேஜர் லீக்கில் கறுப்பினப் பந்து வீச்சாளர் ஒருவர்கூட இல்லை. அப்படின்னா அந்த சாம்பிள் மட்டும் முழுமையா?

அதனால் சேர்த்தது சரி. என் குறை, சேர்த்த விதத்தில்.

கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்தில் 1972-இல் கிப்சனுக்கு வைத்த பட்டயம் ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்கிறது. அதிகாரபூர்வப் பதிவில் அந்த எண் இருநூறைக்கூடத் தொடவில்லை. இரண்டில் ஒன்று பொய் என்று முடிவுகட்டத் தேவையில்லை. பட்டயம் லீக் ஆட்டங்களோடு, ஊர் ஊராகப் போய் ஆடிய தனி ஆட்டங்களையும் சேர்த்துச் சொல்கிறது. பதிவில் இருப்பது லீக் ஆட்டங்கள் மட்டும். அதிலும் பழைய நாளிதழ்களில் ஸ்கோர் விவரம் கிடைத்தவை மட்டும். மொத்தத்தில் முக்கால் பங்கு ஆட்டங்களுக்குத்தான் விவரம் கிடைத்திருப்பதாக மதிப்பீடு. அதையும் தேடி எடுத்ததில் பெரும்பங்கு, சொந்த ஆர்வத்தில் வருஷக்கணக்காக மைக்ரோஃபிலிம் புரட்டிய ஆய்வாளர்களுடையது.

டேட்டாபேஸில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்: 'நல்' வேறு, பூஜ்யம் வேறு. நானே ஒருமுறை டேட்டா மாற்றும்போது காலிக் கட்டங்களில் பூஜ்யம் நிரப்பி, ஒரு மாத சராசரி முழுவதையும் கெடுத்திருக்கிறேன். கிப்சனின் ஹோம் ரன் எண்ணிக்கையை ரூத்தின் 714-க்குப் பக்கத்தில் வெறுமனே வைத்தால், அதே தப்பைத்தான் செய்கிறோம். படிக்கிறவர் "இவ்வளவுதானா?" என்று நகர்ந்துவிடுவார்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கிப்சன் பெயருக்கு எதிரே, எத்தனை ஆட்டங்களுக்கு விவரம் கிடைத்தது என்று ஒரு பத்தி போடலாம். காப், ரூத் பெயர்களுக்கு எதிரே, "வெள்ளையர் மட்டும் ஆடிய காலம்" என்று ஒரு குறிப்பு. இரண்டையும் சேர்த்துத்தான் போட வேண்டும். கிப்சனுக்கு மட்டும் குறிப்புப் போட்டால், அவரை மறுபடியும் தனி வரிசையில் நிற்க வைத்தது போலாகிவிடும்.