பட்டமும் வாழ்த்துப்பாவும்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நம்மவர் ஒருவருக்கு டத்தோ பட்டம் கிடைத்துவிட்டால், உடனே பத்திரிகையில் வாழ்த்துப்பா வெளிவருகிறது. கொடைவள்ளல், சமுதாயக் காவலர் என்னும் அடைமொழிகளுக்குக் குறைவில்லை. யாருக்கு என்ன கொடுத்தார் என்பதற்கு மட்டும் ஓர் அடியும் இராது. பெயரை மாற்றினால் அடுத்த டத்தோவுக்கும் அப்பாட்டு அளவெடுத்தாற்போல் பொருந்தும்! இதனைக் கவிதை என்பது எங்ஙனம்?

பிரிட்டனில் பிரபுப் பட்டம் தலைமுறை தலைமுறையாய் இறங்கி வந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் ஆயுளோடு முடியும் பிரபுப் பட்டத்துக்கு விரிவாக வழிசெய்தது. விருதாக வரும் நம் டத்தோ பட்டமும் அவ்வாறே உரியவரோடு முடிவது. செயலைச் சொல்லாத வாழ்த்தோ அதனினும் அற்பாயுள் உடையது.

பிரிக்பீல்ட்ஸின் பெருஞ்சாலை துன் சம்பந்தன் பெயரால் வழங்குகிறது. துன் என்பது மாமன்னர் அளிக்கும் பட்டங்களில் தலையாயது. ஆயினும், தோட்டத் துண்டாடலால் பால்மரத் தொழிலாளர் வீடும் வேலையும் இழந்து நின்ற காலத்தில், அவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தோட்டங்கள் வாங்கினாரே, அதுவன்றோ பாடுபொருள்! நம் புலவர்களோ துன்னுக்கு எதுகை தேடுகின்றனர். அடுத்த வாழ்த்தை அச்சேற்றுமுன் பத்திராசிரியர்கள் அவர்களைக் கேட்கட்டும்: இவர் செய்தது என்ன, எந்த ஆண்டில், யாருக்கு?