வாக்களிப்போடு முடியாத பிரசாரம்

இலங்கையின் கண்டி மாவட்டத்தில் பாராளுமன்றத்துக்குப் போட்டியிடும் ஒருவர் நாவலப்பிட்டியிலிருந்து தெல்தெனிய வரை ஏறக்குறைய 12 லட்சம் வாக்காளர்களிடம் தன் விருப்பிலக்கத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும். ஆசனங்கள் 12 மட்டுமே. கட்சிப் பட்டியலுக்குள் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் விருப்பு வாக்குக்கு, தன் பட்டியலில் உள்ளவரோடும் மோத வேண்டும். சுவரொட்டி ஒட்டச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே பேஸ்புக்கும் டிக்டொக்கும் இங்கே ஒவ்வொரு வேட்பாளரின் சொந்த மேடையாகிவிட்டன.

தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஒரு கட்சி ஒரே வேட்பாளரைத்தான் நிறுத்தும். கட்சி அமைப்பு வாக்குச்சாவடி முகவர் வரை இறங்கியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களும் அதே வழியில் பூத்துக்குப் பூத் இறங்குகின்றன. திமுக 2017இல் தகவல் தொழில்நுட்ப அணியையே தொடங்கியது. கண்டியில் தனிமனிதர் செய்வதை அங்கே கட்சி இயந்திரம் செய்கிறது.

இலங்கையில் சமூக ஊடகம் தந்த நன்மையை மறுக்க முடியாது. 2020இல் நாடு முழுவதும் 3 ஆசனங்களே பெற்ற தேசிய மக்கள் சக்தி, 2024 நவம்பரில் கண்டி மாவட்டத்தில் மட்டும் 9 ஆசனங்களை வென்றது. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வரிசையில் நின்ற மக்களின் கோபமே அதற்கு அடிப்படை. ஆனால் பெரிய ஊடகங்களின் தயவை நம்பியிராமல் அந்தக் கோபத்தை வாக்காகத் திரட்டக் கைப்பேசி உதவியது.

இணையப் பிரசாரக் கட்டுப்பாட்டில் இந்தியா முந்திக்கொண்டது. 2013 அக்டோபரிலேயே அதன் தேர்தல் ஆணையம் விதிகளை வகுத்தது: வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் அறிவிக்க வேண்டும்; விளம்பரங்களுக்கு முன்கூட்டியே சான்று பெற வேண்டும்; அந்தச் செலவைக் கணக்கில் காட்ட வேண்டும். போலிக் காணொளிகளைத் தெரியவந்த 3 மணி நேரத்துக்குள் அகற்றுமாறு 2024 மே மாதத்தில் கட்சிகளுக்கு உத்தரவிட்டது. ஆயினும் கட்சியின் செலவுக்கு அங்கே உச்சவரம்பே இல்லை.

இலங்கையில் செலவுக்கான சட்டம் 2023இல்தான் வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று வரம்பிடப்பட்டது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்குக் காட்ட வேண்டும். இது பெரிய முன்னேற்றம். ஆனால் கணக்கு வருவது தேர்தலுக்குப் பிறகு. இந்தியச் சான்று முறையோ விளம்பரம் வெளிவருமுன்பே அதைப் பார்க்கிறது.

இரு நாடுகளுக்கும் பொதுவான பெரிய ஓட்டை ஒன்று உண்டு. விதிகள் தேர்தல் காலத்தில் விழித்து, முடிவு வந்ததும் உறங்கிவிடுகின்றன. வெறுப்புக்கு அப்படிப் பருவம் இல்லை. 2018 பெப்ரவரி 10இல் இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. ஒரு மாதம் கழியுமுன் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளைத் தடுக்க அந்த மொழி அறிந்த போதிய ஆட்கள் பேஸ்புக்கிடம் இல்லை. மார்ச் 7இல் அரசு பேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றை முடக்கியது. வதந்தியோடு சேர்ந்து, அபயம் கேட்டவர்களின் குரலும் முடங்கியது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் அந்த வன்முறையில் தன் தளத்தின் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. அதே 2018இல் இந்தியாவில் பிள்ளைபிடிகாரர் வதந்தியால் பலர் அடித்துக் கொல்லப்பட்ட பிறகே வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே வேளையில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வரம்பிட்டது. இரண்டு இடத்திலும் உயிர் போன பிறகே கதவு அடைக்கப்பட்டது.

கண்டியில் சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிறார்கள். ஆனால் ஒரே செய்தியை வாசிப்பதில்லை. வேட்பாளர் சிங்களத்தில் ஒரு வாக்குறுதியும் தமிழில் இன்னொன்றும் கொடுத்துத் தப்பித்துக்கொள்வது இங்கே எளிது.

ஆகவே இலங்கைத் தேர்தல் ஆணைக்குழு இந்தியாவிடமிருந்து கணக்கு அறிவிப்பையும் முன்சான்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியா, கட்சிச் செலவுக்கு வரம்பிட வேண்டும். இரு நாடுகளும் சேர்ந்து நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று: உள்ளூர் மொழிகள் அறிந்த கண்காணிப்பாளர்கள் ஆண்டு முழுவதும் பணியில் இருக்க வேண்டும். ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் அயலவர் மீதான நம்பிக்கை வளர்கிறது, அல்லது அழிகிறது. காவல் அங்கேதான் தேவை.