வடுவும் இயல்பும்: மன்னாரை முன்வைத்து ஒரு நோக்கு

போர்க்காலந் தொட்டு இலங்கையின் வடபுலத்து உளநலம் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை 'மனவடு' என்னும் ஒரு சொல்லைச் சுற்றியே அமைந்துள்ளன. அச்சொல் இங்கு வேரூன்றியதில் பேராசிரியர் தயா சோமசுந்தரத்துக்குப் பெரும் பங்குண்டு. 1998 இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல், தமிழர் மீது போர் விளைத்த உளத்தாக்கத்தை உலகறியச் செய்தது. எனினும் வலிமை மிக்க ஒரு சொல், தான் விளக்க வேண்டியவற்றோடு விளக்க இயலாதவற்றையும் தன்னுள் இழுத்துக்கொள்வதுண்டு. சத்தத்தைத் தாங்கமாட்டாதவர், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குபவர், அன்றாட ஒழுங்கு சிறிது பிசகினும் நிலைகுலைபவர், அளந்தே பேசுபவர் ஆகியோர் மன்னாரிற் காணப்படின், 'போர் செய்த வேலை' என்பதே முதல் விளக்கமாகிவிடுகின்றது. அவ்வியல்புகள் போருக்கு முன்னரே, பிறந்த நாள் முதலாகவே, அவர்களிடம் இருந்திருக்கலாமோ என்ற வினா எழுவது அரிது. தம்மிடம் ஓட்டிசம் இருப்பதாகத் தாமே இனங்காணும் வளர்ந்தோரின் கூற்றை மருத்துவத்துறை எவ்வாறு செவிமடுத்தல் வேண்டும் என்பது இப்பின்னணியில் வைத்து ஆராயத்தக்கது.

முதலிற் சொல்லை நோக்குதல் வேண்டும். ஓட்டிசம் இடையில் வந்து தொற்றும் நோயன்று. பிறவியோடு அமைந்த நரம்பு வளர்ச்சி வேறுபாடாகும். பிறரோடு பேசிப் பழகும் முறையிலும், ஐம்புலன்கள் உலகை ஏற்கும் முறையிலும், மாறா ஒழுங்கிலும் குறித்த சில பொருள்களிலும் கொள்ளும் ஆழ்ந்த ஈடுபாட்டிலும் அது வெளிப்படும். தமிழகத்தில் இதற்கு 'மதியிறுக்கம்' என்ற சொல் பரவலாக வழங்குகின்றது. இச்சொல்லாக்கம் விமர்சனத்துக்குரியது. மதி அறிவைக் குறிக்கும்; ஓட்டிச நிலையினர் பலருக்கோ அறிவாற்றலிற் குறைவேதுமில்லை. பட்டப்படிப்பை முடித்த ஒருவரோ, காற்றையும் நீரோட்டத்தையும் நுணுக்கமாகக் கணிக்கவல்ல ஒரு கடற்றொழிலாளியோ இச்சொல்லிலே தம்மைக் காணமாட்டார். ஊர் வழங்கும் 'ஒரு மாதிரியான ஆள்' என்ற தொடர் வேறுபாட்டை உணர்கின்றது. ஆனால் அதற்கு விளக்கம் தருவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்ட ஒருவர் 'எனக்கு ஓட்டிசம் இருக்கலாம்' என்று பிறமொழிச் சொல்லோடு மருத்துவரிடம் வரும்போது, அது எங்கோ படித்துவிட்டு வந்த புதுமோகமாகக் கருதப்படும் அபாயம் உண்டு.

ஆயின் இத்துறையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பின், மருத்துவரல்லாதாரின் கூற்றே அதன் அத்திவாரம் என்பது புலனாகும். 1943 இல் அமெரிக்காவில் லியோ கனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் தோற்றுவாய்களுள் ஒன்று. அதில் முதலாவதாக இடம்பெறும் டொனால்ட் என்ற சிறுவனைப் பற்றி அவனது தந்தை 1938 இல் எழுதியனுப்பிய 33 பக்கக் கடிதமே கனருக்குக் கிடைத்த முதற் சான்று. 1967 இல் புறூனோ பெற்றல்ஹைம் குழந்தையின் நிலைக்குத் தாயின் அன்பின்மையே காரணமென நூலெழுதிப் புகழ் பெற்றார். அத்தகைய கருத்தை அதற்கு முன்னரே, 1964 இல், பேர்னாட் றிம்லன்ட் தமது நூலில் மறுத்திருந்தார். அவர் ஓட்டிச நிலையிலிருந்த ஒரு சிறுவனின் தந்தை. ஹான்ஸ் அஸ்பேகர் 1944 இல் எழுதியவற்றை 1981 இல் ஆங்கில உலகின் கவனத்துக்குக் கொணர்ந்த லோர்னா விங் மருத்துவர் மட்டுமல்லர், ஓட்டிச நிலையிலிருந்த மகளொருத்தியின் தாயுமாவார். 1986 இல் ரெம்பிள் கிராண்டின் தமது வாழ்வைத் தாமே எழுதினார். 2012 இல், தாமும் அந்நிலையினரான டேமியன் மில்ரன், புரிந்துகொள்ளாமை ஒரு பக்கத்தின் குறையன்று, இரு பக்கத்துக்கும் பொதுவானது என்று வாதிட்டார். அருகிருந்தோரும் அந்நிலையில் வாழ்ந்தோரும் பேசப் பேசவே இத்துறை தன்னைத் திருத்திக்கொண்டு வந்துள்ளது. இன்று தம்மைத் தாமே இனங்காண்பவரும் அவ்வரிசையில் வைத்து நோக்கத்தக்கவரே.

மன்னாரில் இத்தகைய தன்கூற்றுக்கு மேலுமொரு கனம் உண்டு. வளர்ந்தோரிடம் ஓட்டிசத்தை உறுதிசெய்வதற்கு இளமைக்காலச் சான்று தேவைப்படுகின்றது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட கைந்நூல், அறிகுறிகள் வளர்ச்சியின் தொடக்கப் பருவத்திலேயே இருந்திருத்தல் வேண்டும் என்கின்றது. இங்கிலாந்தில் 2012 இல் வகுக்கப்பட்ட வழிகாட்டி, இயன்றவிடத்துக் குடும்பத்தவரையோ பள்ளி அறிக்கை போன்ற ஆவணங்களையோ துணைக்கொள்ளுமாறு கூறுகின்றது. கோட்பாட்டளவிற் குற்றங்காண இயலாத நியதிகளே இவை. ஆனால் அவற்றின் பின்னால், வீடும் பள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கும் ஒரு சமூகம் நிற்கின்றது. 1990 இல் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முதலிய இடங்களில் வாழ நேர்ந்தது. அக்காலத்திலேயே தமிழ்க் குடும்பங்கள் பல மடுத் தேவாலயச் சூழலிலும், படகேறி இராமேஸ்வரம் வழியாக மண்டபம் முகாமிலும் அடைக்கலம் புகுந்தன. 2007 க்கும் 2009 க்கும் இடையிற் பெருநிலப்பரப்பின் ஊர்கள் பல மீண்டும் இடம்பெயர்ந்தன. தலைமன்னாருக்குப் புகையிரதம் 2015 இல் மீண்டு வந்தது; தொலைந்த தேர்ச்சி அறிக்கைகள் மீளவில்லை. தாய் மறைந்து, ஆசிரியரும் அயலவரும் சிதறிப்போன பின், 'சிறுவயதில் இவர் எப்படி இருந்தார்?' என்ற வினாவுக்கு விடையளிக்க எஞ்சியிருப்பவர் சிலவேளை அவர் ஒருவரே. வேறு சான்றில்லை என்று அவரது கூற்றையும் தள்ளிவிடுவது, போர் அழித்ததை மறுமுறையும் அழிப்பதற்கு ஒப்பாகும்.

மேலும், வடுவையும் இயல்பையும் பிரித்தறிவதற்குத் தன்கூற்றே முதன்மையான கருவி. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கலாம், காலத்தில் ஒத்திருப்பதில்லை. வடுவுக்குப் பெரும்பாலும் ஒரு தேதி உண்டு. இயல்புக்குத் தேதி இல்லை. வெடியோசை கேட்ட நாளிலிருந்து சத்தத்துக்கு அஞ்சுபவர் ஒருவர்; அலுமினியச் சட்டியைச் சுரண்டும் ஓசையையும் புதுச்சட்டையின் உராய்வையும் நினைவறிந்த நாள் முதலே தாங்கமாட்டாதவர் இன்னொருவர். இவ்வேறுபாட்டை உடலைச் சோதித்து அறிய முடியாது, கேட்டே அறியலாம். ஒருவரிடமே இவ்விரண்டும் சேர்ந்திருக்கவும் கூடும். ஓட்டிச நிலையினரைப் போர் விட்டுவைக்கவில்லை அன்றோ?

பிறநாட்டு வினாக்கொத்துகளும் இவ்விடத்து நோக்கற்பாலன. 2001 இல் சைமன் பரன்-கோஹன் குழுவினர் கேம்பிறிட்ஜில் உருவாக்கிய 50 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து பல நாடுகளில் எடுத்தாளப்படுகின்றது. விருந்தா நூலகமா, நாடக அரங்கா அருங்காட்சியகமா எதனை விரும்புவீர் என்ற வகையில் அதன் கூற்றுகள் சில அமைந்துள்ளன. மாதோட்டப் பாங்குக் கூத்தும் வாசாப்பும் வளர்ந்த மண்ணில் அரங்கு தனிமனித விருப்பத்துக்கு மட்டும் உரியதன்று; அங்கு போய் அமர்வது ஊரோடு ஒத்து வாழ்வதன் ஓர் அங்கமுமாகும். முகம் நோக்கிப் பேசாமையை ஓர் அறிகுறியாக மேனாட்டார் கொள்வர். பெரியோர் முன் கண் தாழ்த்தல் இங்கு மரியாதை. பேசாத பெண்பிள்ளையை 'அடக்கமானவள்' என்று ஊர் மெச்சும். அவள் படும் அவதி அம்மெச்சுதலுள் மறைந்துபோகும். ஆகவே, வினாக்கொத்தின் மொத்தப் புள்ளி சொல்லாததை அவளது வாய்மொழியே சொல்லக்கூடும்.

எதிர்வாதங்களும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. மனச்சோர்வு, பதகளிப்பு, மனவடு, செவிப்புலன் குறைபாடு என்பனவும் ஒத்த தோற்றங்களைத் தரவல்லன. தம்மை ஓட்டிச நிலையினர் என உறுதியாக நம்பும் ஒருவர், குணப்படுத்தக்கூடிய மனச்சோர்வொன்றைக் கவனியாது விடுவாராயின் அவ்விழப்பு அவருக்கே. தன்கூற்று பிழைபடலாம், ஆனால் பிழைபடக்கூடிய சாட்சியத்தை விசாரிப்பதே முறை, விசாரியாது ஒதுக்குவதன்று. நாட்டின் அறிவுப்பரப்பும் இவ்விடயத்திற் குறுகியதே. 2009 இல் வெளியான ஹேமமாலி பெரேரா குழுவினரின் ஆய்வு, பகுதி நகர்ப்புறப் பிரதேசமொன்றில் 18 முதல் 24 மாத வயதுடைய 374 குழந்தைகளை ஆராய்ந்து, 93 பேருக்கு ஒருவர் என்ற அளவைக் கண்டது. சிறிய தொகையாயினும் முன்னோடி முயற்சி அது. அன்றைய குழந்தைகள் இன்று பல்கலைக்கழகம் புகும் வயதை எட்டிவிட்டனர். குழந்தைப் பருவத்தோடு ஓட்டிசம் மறைந்துவிடுவதில்லையாதலால், இனங்காணப்படாது வளர்ந்தோர் எல்லா மாவட்டங்களிலும் இருப்பர் என்பது வெளிப்படை.

சட்டத்தின் மொழியும் இவர்களுக்கு இடந்தரத் தயங்குகின்றது. இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம், வாழ்க்கைத் தேவைகளைத் தாமாக முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவுசெய்ய இயலாதவரையே வலுவிழந்தவர் என வரையறுத்தது. பாக்குநீரிணைக்கு அப்பால், இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டிசத்தைப் பெயர்குறித்தே சேர்த்துக்கொண்டது. உழைத்துண்டு, ஆனால் ஒவ்வொரு நாளின் முடிவிலும் களைத்து வீழ்ந்து, அக்களைப்பின் காரணத்தை அறியாதிருக்கும் ஒருவர் முன்னைய வரையறைக்குள் அடங்குவது கடினம். பெயரறிதலன்றி வேறு சலுகையெதனையும் அவர் வேண்டாதிருக்கவும் கூடும்.

செவிமடுத்தல் வேறு, உடன்படுதல் வேறு. வந்தவரின் கூற்றை அவரது சொற்களிலேயே எழுதிக்கொள்ளுதல், எந்த இயல்பு எக்காலந் தொட்டது எனக் கேட்டறிதல், உடன்பிறந்தோரோ பழைய அயலவரோ இருப்பின் தேடி வினவுதல், முடிவு எதுவாயினும் அதன் காரணத்தை விளக்குதல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இவற்றைச் செய்தபின் 'இது ஓட்டிசமன்று' என ஒரு மருத்துவர் கூறுவாராயின், அது மறுப்பன்று, விடையாகும். இவையின்றிக் கூறப்படும் 'எல்லாம் போரின் பாதிப்புத்தான்' என்ற சொல், அனுதாபத்தோடு கூறப்படினும், கேட்க மறுத்த சொல்லேயாகும்.