திண்ணை மெழுகிற்று: செயற்கை நுண்ணறிவு அறிமுக நூல்களின் மொழி

கணிதமோ கணிப்பொறியியலோ முறையாகப் பயிலாத ஒருவர் செயற்கை நுண்ணறிவைப் பற்றி எங்ஙனம் கற்பது, எவ்வளவு கற்றால் போதும் என்னும் வினாக்கள் இன்று தமிழ்த்துறைகளிலும் எழுந்துள்ளன. அது கணிப்பொறித்துறையாரின் பணி என்று ஒதுங்குவோர் ஒருபுறம். நிரல் எழுதக் கற்றாலன்றிப் பேசத் தகுதியில்லை என்று அஞ்சுவோர் மறுபுறம். இவ்விருவருக்கும் இடைப்பட்ட வாசகரை நோக்கி அறிமுகப் பாடங்களும் நூல்களும் பல வெளிவந்துள்ளன. அவற்றுள் இரண்டினை எடுத்துக்கொண்டு, அவை எத்தகைய மொழியில் பேசுகின்றன, அம்மொழி தமிழுக்கு வரும்போது என்ன நேர்கின்றது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. ஒன்று, பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகம் ரியாக்டர் என்னும் நிறுவனத்துடன் இணைந்து 2018இல் தொடங்கிய 'எலிமெண்ட்ஸ் ஆஃப் ஏஐ' என்னும் இணையவழிப் பாடம். மற்றொன்று, மெலனி மிட்செல் 2019இல் வெளியிட்ட 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்: எ கைடு ஃபார் திங்கிங் ஹியூமன்ஸ்' என்னும் நூல்.

பின்லாந்துப் பாடத்தின் நோக்கம் வியப்பிற்குரியது. அந்நாட்டு மக்களுள் நூற்றில் ஒருவருக்கேனும் செயற்கை நுண்ணறிவின் அடிப்படைகளைக் கற்பிப்பது என்னும் குறிக்கோளுடன் அது கட்டணமின்றி வழங்கப்பட்டது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. ஆறு பகுதிகளைக் கொண்ட இப்பாடம் வரையறையில் தொடங்கி, சிக்கல் தீர்த்தல், நிகழ்தகவு, இயந்திரக் கற்றல், நரம்புப் பின்னல் ஆகியவற்றின் வழியே சமூக விளைவுகளில் முடிகின்றது. இதன் சிறப்பு, வாசகரைக் கணக்குப் போட வைப்பதே ஆகும். நரி, கோழி, தீவனம் ஆகியவற்றைப் படகில் அக்கரை சேர்க்கும் புதிர் இதில் வருகின்றது. நம் ஊர்களில் புலி, ஆடு, புல்லுக்கட்டு என வழங்கும் அதே புதிர்தான். பாட்டி சொன்ன புதிரை நிலைகளாகவும் அவற்றுக்கிடையேயான நகர்வுகளாகவும் வரைந்து பார்க்கும்போது, இயந்திரம் 'தேடுதல்' என்பதன் பொருள் விளங்கிவிடுகின்றது. பள்ளிக் கணக்கிற்கு மேற்பட்ட எதுவும் இங்கே தேவைப்படவில்லை.

இப்பாடத்தின் முதற்பகுதியில் இலக்கண நோக்குடைய குறிப்பொன்று உள்ளது. செயற்கை நுண்ணறிவு என்பது உயிரியல், கணிதம் போன்ற ஒரு துறையின் பெயர். ஆதலின் அதனை எண்ணத்தக்க பொருளைப் போல 'ஒரு செயற்கை நுண்ணறிவு' என வழங்குதல் பொருந்தாது என்கின்றனர் பாட ஆசிரியர்கள். 'ஓர் உயிரியல் இதனைச் செய்தது' என எவரும் கூறுவதில்லை. தொழில்நுட்ப நூலொன்று தன் பொருளைப் பெயர்ச்சொல்லின் இயல்பிலிருந்து விளக்கத் தொடங்குவது நமக்கு உவப்பான செய்தி. ஆயினும் பாடம் இக்கவனத்தை இறுதிவரை காக்கவில்லை என்பதே என் கருத்து. நரம்புப் பின்னல் பகுதிக்கு வந்ததும், உயிரியல் நரம்பணுவையும் கணக்கீட்டு அலகையும் ஒரே வரையறையின்கீழ் வைத்து விளக்கத் தொடங்குகின்றது. அதனையடுத்து எத்தனை எச்சரிக்கை கூறினும், வாசகர் மனத்தில் தங்குவது மூளையின் படமே.

இச்சிக்கல் புதியதன்று. துரூ மெக்டெர்மாட் என்னும் அமெரிக்க அறிஞர் 1976இல் எழுதிய கட்டுரையொன்றில் தம் துறையினரையே கடிந்துகொண்டார். நிரலின் ஒரு பகுதிக்குப் 'புரிந்துகொள்' எனப் பெயரிட்டுவிட்டு, பெயரிட்டதனாலேயே அது புரிந்துகொள்கின்றது என நம்பிவிடுகின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. அப்பெயரை நீக்கிப் பொருளற்ற எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீட்டை இட்டுப் பார்க்கட்டும். அப்போதும் அது புரிந்துகொள்வதாகத் தோன்றுகின்றதா என அவர் வினவினார். மிட்செலும் 'கற்றல்' முதலிய சொற்கள் தரும் மயக்கத்தைப் பல இடங்களில் சுட்டிச் செல்கின்றார். அவருடைய நூலின் வலிமையே இந்த ஐயத்தில்தான் உள்ளது. தம் ஆசிரியர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டேட்டர் 2014இல் கூகுள் பொறியாளர்கள் முன்னிலையில் தாம் அஞ்சுவதாக வெளிப்படையாகக் கூறிய நிகழ்ச்சியுடன் அவர் நூலைத் தொடங்குகின்றார். மனிதனின் படைப்பாற்றல் எனப் போற்றப்பட்டது எளிய உத்திகளால் செய்து முடிக்கத்தக்கது எனத் தெரிந்துவிடுமோ என்பதே ஹாஃப்ஸ்டேட்டரின் அச்சம். இயந்திரங்கள் பொருளுணர்வின் எல்லையை இன்னும் கடக்கவில்லை என்பதே அதற்கு மிட்செல் தரும் விடை.

தமிழ் வாசகரின் இடர்ப்பாடு இவ்விரு நூல்களும் காணாத ஓரிடத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் 'கற்றல்' என்னும் சொல் இயந்திரத்திற்கு ஏற்றிச் சொல்லப்பட்டது என்னும் நினைவு இன்னும் முழுதும் அழியவில்லை. அச்சொல்லைப் பரப்பிய ஆர்தர் சாமுவேலின் சதுரங்கப்பலகை ஆட்டம் பற்றிய கட்டுரை வெளிவந்தது 1959இல்தான். தமிழில் 'இயந்திரக் கற்றல்' கலைச்சொல்லாகவே வந்து சேர்கின்றது. கலைச்சொல்லாக்கத்தில் நாம் கொண்ட ஆர்வம், மூலச்சொல்லே ஓர் உருவகம் என்பதை ஆராயும் ஆர்வமாக வளரவில்லை. செய்யப்பட்ட பொருளைத் தானே செய்தது போலக் கூறும் வழக்கினைத் தொல்காப்பியர் மரபென ஏற்றுக்கொள்கின்றார். 'திண்ணை மெழுகிற்று' என்பது அதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணை தானே மெழுகிக்கொள்வதில்லை. மெழுகிய கை தொடரில் மறைந்துள்ளது என்பதனைக் கேட்போர் அறிவர். 'இயந்திரம் கற்றது' என்பதும் இவ்வகைத் தொடரே. ஆனால் இங்கே மறைந்துள்ள கையைக் கேட்போர் அறியார். தொழில்நுட்பப் பின்புலம் இல்லாமை என நாம் கூறுவது பெரும்பாலும் இந்த அறியாமையையே ஆகும்.

அக்கை யாது? பெருமொழி மாதிரி எனப்படும் இன்றைய உரையாடல் இயந்திரங்களை எடுத்துக்கொள்வோம். மனிதர் எழுதிய தொடரொன்றின் முற்பகுதி இயந்திரத்திற்குத் தரப்படுகின்றது. அடுத்து வரக்கூடிய துணுக்குகள் ஒவ்வொன்றிற்கும் அது ஒரு நிகழ்தகவை வழங்குகின்றது. உண்மையில் வந்துள்ள துணுக்கிற்கு அது குறைந்த மதிப்பளித்திருந்தால், பிழையின் அளவு கணக்கிடப்பட்டு, உள்ளிருக்கும் எண்கள் மிகச் சிறிதளவு மாற்றப்படுகின்றன. இது எண்ணிறந்த முறை திரும்பச் செய்யப்படுகின்றது. இம்மாற்றத்திற்கே கற்றல் எனப் பெயர். அதன்பின் மனிதர் பலர் விடைகளை ஒப்பிட்டுத் தரமிடுகின்றனர். எண்கள் மீண்டும் திருத்தப்படுகின்றன. எழுதியவர், தொகுத்தவர், தரமிட்டவர், பிழையின் அளவுகோலை வகுத்தவர் ஆகிய அனைவரும் மெழுகிய கைகள்.

இதனை அறிந்தால், இயந்திரம் இல்லாத சங்கப்பாடலை எண்ணுடன் எடுத்துக்காட்டுவது ஏன் என்பதும் தெளிவாகும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லை நாம் 'மாயத்தோற்றம்' எனப் பெயர்த்துள்ளோம். இப்பெயர்ப்பு பொருந்தாது என்பேன். மாயத்தோற்றம் காண்பவன் மற்றை வேளைகளில் மெய்யான தோற்றம் காண்பவன். இயந்திரமோ மெய்யான பாடலை எடுத்துக்காட்டும்போதும் பொய்யான பாடலைப் புனையும்போதும் ஒரே செயலையே செய்கின்றது. பாடற்பகுதி பலமுறை பதிவாகியிருந்தால் நிகழ்தகவு மிக்க தொடர் மூலத்துடன் ஒத்துவிடுகின்றது. அரிதாயின், ஆசிரியப்பா போன்று ஒலிக்கும் ஏதோ ஒன்று வருகின்றது. பதிப்பைத் திறந்து ஒப்பிடும் பணி அச்செயலுக்குள் இல்லை. 'புனைவு' என்னும் நம் பழஞ்சொல்லே போதுமானது.

துணுக்கு என மேலே குறித்ததும் விளக்கத்திற்குரியது. 'வந்தான்' என்னும் சொல்லைக் கண்டவுடன் நாம் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி எனப் பிரிக்கின்றோம். கணிப்பொறியில் அச்சொல் யூனிகோடு முறைப்படி ஏழு குறிகளாக உள்ளது. பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு கொள்ளும் ஆதலின் மொத்தம் 21 பைட்டுகள். அதே பொருள் தரும் ஆங்கிலச் சொல்லுக்கு 4 பைட்டுகள் போதும். இப்பைட்டுகளுள் அடிக்கடி சேர்ந்து வருவனவற்றை இணைத்தே துணுக்குகள் அமைக்கப்படுகின்றன. இணைப்பு பொருளையோ உருபனையோ நோக்கி நிகழ்வதன்று, எண்ணிக்கையை நோக்கியது. பயிற்சித் தொகுப்பில் ஆங்கிலம் மிகுந்திருந்தமையால் ஆங்கிலச் சொற்கள் முழுமையாகவும் தமிழ்ச் சொற்கள் சிதைந்தும் நின்றன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியிடப்பட்டபோது ஓப்பன்ஏஐ நிறுவனம் தந்த எடுத்துக்காட்டில், 116 துணுக்குகளாக இருந்த ஒரு தமிழ்ப்பகுதி புதிய முறையில் 35 ஆகக் குறைந்தது. அதற்கு முன்பு தமிழர் ஒருவர் ஒரே செய்திக்கு மும்மடங்கு இடம் செலவிட வேண்டியிருந்தது என்பதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன. நம் இரு நூல்களும் இதனைப் பேசவில்லை. ஆங்கிலத்தில் எழுதுவார்க்கு இது தோன்றவும் வழியில்லை. தமிழ் பயின்றார் ஒருவர் இத்துறைக்குள் நுழைவதற்கு இதனினும் ஏற்ற வாயில் எனக்குத் தெரியவில்லை.

சொல்லாராய்ச்சி மட்டும் போதும் எனக் கூறுவதாக இதனைக் கொள்ளலாகாது. அதனை நான் ஒரு மதிப்பீட்டுக் குழுவில் அமர்ந்திருந்தபோது உணர்ந்தேன். தமிழகத்திற்கு வெளியே உள்ள தமிழ்த்துறையொன்றில் ஆய்வு மாணவர் ஒருவரின் இயல், இயந்திரம் எழுதியது எனக் கண்டறியும் கருவியொன்றினால் சுட்டப்பட்டிருந்தது. கருவி நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் என்று அங்கே கூறப்பட்டது. 'கருவி கண்டறிந்தது' என ஒருவர் சொன்னார். நாங்கள் அனைவரும், நான் உட்பட, தலையசைத்தோம். அத்தொடரும் 'திண்ணை மெழுகிற்று' வகையினது என அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அடுத்த வினாவைக் கேட்கும் கணக்கறிவு என்னிடம் இல்லை.

அக்கணக்கைப் பின்னர் பின்லாந்துப் பாடத்தின் நிகழ்தகவுப் பகுதியில்தான் கற்றேன். அப்பகுதி நோய்ச் சோதனையை வைத்து விளக்குகின்றது. அதனை நம் சூழலுக்கு மாற்றிப் பார்க்கலாம். 200 கட்டுரைகள் வருகின்றன எனக் கொள்வோம். அவற்றுள் 20 இயந்திரம் எழுதியவை. கருவி இவற்றுள் தொண்ணூறு விழுக்காட்டை, அதாவது 18 கட்டுரைகளை, சரியாகச் சுட்டும். எஞ்சிய 180 மாணவர் தாமே எழுதியவை. இவற்றிலும் பத்து விழுக்காடு தவறு நேருமாயின், அங்கும் 18 கட்டுரைகள் சுட்டப்படும். சுட்டப்பட்டவை மொத்தம் 36. அவற்றுள் பாதி குற்றமற்றவை. தொண்ணூறு விழுக்காடு சரியான கருவியின் தீர்ப்பு, சுட்டப்பட்ட மாணவரைப் பொறுத்தவரை, காசைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகிவிடுகின்றது. இயந்திரத்தைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை குறையக் குறைய, குற்றமற்றார் சுட்டப்படும் பங்கு இன்னும் கூடும். இதனை அறியக் கூட்டலும் வகுத்தலும் போதும். மிட்செலின் நூலை நான் இருமுறை வாசித்திருந்தும் இக்கணக்கு எனக்குக் கைவரவில்லை. பொருளுணர்வு பற்றிய அவருடைய நுட்பமான விவாதம் ஐயுறக் கற்பித்தது. எங்கே ஐயுறுவது என்பதைக் கற்பித்தது பின்லாந்துப் பாடத்தின் எளிய பயிற்சியே. அது 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவருவதற்கு முன் அமைக்கப்பட்ட பாடம் என்பதும், இன்று நம்மை அலைக்கழிக்கும் உரையாடல் இயந்திரங்களுக்கு அதன் முதல் வடிவில் இடமில்லை என்பதும் குறைகளே. ஆயினும் தொடங்குவார்க்கு அதனையே முதலில் பரிந்துரைப்பேன். மிட்செலை இரண்டாவதாக வைப்பேன்.

அந்த மாணவரிடம் கையெழுத்துப் படிகள் இருந்தனவா, தரவு அட்டைகள் இருந்தனவா என்று குழுவில் எவரும் கேட்கவில்லை. அவ்வியலை அவர் திரும்ப எழுதித் தந்தார், அது ஏற்கப்பட்டது. முதல் வடிவம் இரண்டாவதினும் நன்றாக இருந்தது.